கொதித்தாலும் அழியாத நஞ்சு

மீந்த சோற்றில் பாக்டீரியா விட்டுச்செல்லும் ஒரு சிறு மூலக்கூறு, நம் உயிரணுக்களின் மின்நிலையத்தை எப்படி முடக்குகிறது?

2008-ஆம் ஆண்டு. பெல்ஜியம் நாட்டில் 20 வயது மாணவர் ஒருவர் பள்ளி முடிந்து வீடு திரும்பினார். ஐந்து நாள்களுக்கு முன் சமைத்த தக்காளிக் குழம்பிட்ட ஸ்பகெட்டி சமையலறையில் இருந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவில்லை. மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போனார். அரை மணி நேரத்தில் தலைவலியும் வயிற்றுவலியும் குமட்டலும் அவரைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பின. பல மணி நேரம் வாந்தி எடுத்தார். நள்ளிரவில் தூங்கப் போனவர் மறுநாள் காலை எழவில்லை.

உடற்கூறு ஆய்வில் அவருடைய கல்லீரல் உயிரணுக்கள் இறந்திருந்தது தெரிந்தது. மிச்சமிருந்த ஸ்பகெட்டியில் ஏராளமான பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவும், அது உருவாக்கும் செரியூலைடு என்னும் நஞ்சும் கண்டறியப்பட்டன.

இத்தகைய மரணங்கள் மிக அரிது. இந்தப் பாக்டீரியாவால் வாந்தி எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் தேறிவிடுகிறார்கள். அதனால் பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை, மாணவர்களே. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். அவர் உணவைச் சூடாக்கித்தானே சாப்பிட்டார்? நம் வீட்டிலும் "கெட்டுப் போயிருக்காது, நன்றாகச் சூடு பண்ணிச் சாப்பிடு" என்றுதானே சொல்கிறோம்? பிறகு ஏன் சூடு அவரைக் காப்பாற்றவில்லை?

விடை தேட இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். முதலில் சோற்றுப் பானைக்குள், பிறகு உயிரணுவுக்குள்.

சோற்றுப் பானையில் நடப்பது

பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழும் பாக்டீரியா. மண்ணில் விளையும் நெல்லிலும், அதிலிருந்து வரும் அரிசியிலும், மிளகு போன்ற மசாலாப் பொருள்களிலும் அது இயல்பாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசியை எத்தனை முறை களைந்தாலும் முழுவதும் போகாது.

சோறு கொதிக்கும்போது வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். ஆனால் பேசில்லஸ் சீரியஸுக்கு இன்னொரு வடிவம் உண்டு. சூழல் சரியில்லாதபோது அது தன் மரபுப் பொருளைத் தடித்த உறைகளுக்குள் பொதிந்து, தூங்கும் வித்தாக மாறிக்கொள்ளும். இந்த வித்துகளில் சில கொதிநீரையும் தாங்கும். அதோடு, அந்தச் சூடே வித்துகளை எழுப்பிவிடும் தூண்டுதலாகவும் அமைகிறது.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டோம். பானை மெல்ல ஆறுகிறது. போட்டிக்கு வரக்கூடிய மற்ற நுண்ணுயிரிகள் பெரும்பாலும் வெந்து செத்துவிட்டன. மாவுச்சத்தும் ஈரமும் தாராளமாக உள்ளன. நம் நாட்டின் அறை வெப்பநிலையான 28 முதல் 32 பாகை செல்சியஸ் இந்தப் பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்தமானது. விழித்த வித்துகள் முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. இவற்றில் எல்லா வகைகளும் செரியூலைடை உருவாக்குவதில்லை; சில வகைகள் மட்டுமே உருவாக்கும். அந்த வகை பானையில் இருந்தால், சில மணி நேரத்துக்குப் பின் நஞ்சு சோற்றில் கலக்கத் தொடங்கும்.

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த நோய் முதன்முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்டபோது, பல சம்பவங்களுக்குப் பொதுவாக இருந்தது பொரித்த சோறு, அதாவது நமது நாசி கோரேங். சில உணவகங்களில் சோற்றை முன்கூட்டியே வடித்து, ஒட்டாமல் உதிரியாக இருக்கட்டும் என்று இரவு முழுவதும் அறை வெப்பநிலையிலேயே வைத்து, மறுநாள் எண்ணெயில் பொரித்துப் பரிமாறினார்கள். அதனால்தான் இந்நோய்க்கு இன்றும் 'பொரித்த சோற்று நோய்' என்ற பெயர் வழங்குகிறது.

மறுநாள் வாணலியில் போட்டுக் கிளறும்போது பாக்டீரியாக்கள் மீண்டும் சாகின்றன. நஞ்சு என்ன ஆகிறது?

முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது அல்லவா? புரத மூலக்கூறு ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்கும். சூடு அந்த மடிப்பைக் குலைத்துவிடும். பொட்டுலினம் போன்ற சில பாக்டீரியா நஞ்சுகள் பெரிய புரதங்கள் என்பதால் கொதிக்கவைத்தால் செயலிழக்கும். செரியூலைடு அப்படிப்பட்டதல்ல. பன்னிரண்டு சிறு அலகுகள் வலுவான பிணைப்புகளால் கோக்கப்பட்ட ஒரு சின்ன வளையம் அது. குலைவதற்கு அதில் பெரிய மடிப்பு எதுவும் இல்லை. மருத்துவமனைக் கருவிகளைத் தூய்மையாக்கப் பயன்படும் 121 பாகை வெப்பத்தையும் அது தாங்கும். வயிற்று அமிலமும், புரதத்தைச் செரிக்கும் நொதிகளும்கூட அதை உடைப்பதில்லை.

ஆக, மீண்டும் சூடாக்கும்போது குற்றவாளி இறந்துவிடுகிறான். அவன் வைத்துவிட்டுப் போன ஆயுதம் அப்படியே இருக்கிறது. அந்த ஆயுதத்தின் இலக்கு எது என்று இனிப் பார்ப்போம்.

உயிரணுவின் மின்நிலையம்

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். தமிழில் அதை இழைமணி என்றும் சொல்வர். ஒரு கல்லீரல் உயிரணுவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு வழவழப்பானது. உட்சவ்வு பல மடிப்புகளாக உள்நோக்கி வளைந்திருக்கும். அதற்குள்ளே இருக்கும் கூழ்போன்ற பகுதி உட்கூழ் எனப்படும்.

தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் வரி, "மைட்டோகாண்ட்ரியா ஏடிபியை உருவாக்குகிறது" என்பது. எப்படி உருவாக்குகிறது என்பதில்தான் சுவையே இருக்கிறது. திரெங்கானுவில் உள்ள கென்யிர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அணை நீரை உயரத்தில் தேக்கி வைக்கிறது. நீர் குழாய் வழியே கீழே பாயும்போது சுழலியைச் சுழற்றுகிறது, மின்சாரம் கிடைக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவில் உட்சவ்வுதான் அணை. தேக்கப்படுவது நீரல்ல, நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள். நாம் உண்ட உணவிலிருந்து பெற்ற ஆற்றலைக் கொண்டு, உட்சவ்வில் உள்ள புரதங்கள் புரோட்டான்களை உட்கூழிலிருந்து வெளியே இறைக்கின்றன. வெளிப்புறம் நேர் மின்னூட்டம் சேர, உட்புறம் எதிர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. தேங்கிய புரோட்டான்கள் ஒரு சிறப்புப் புரதத்தின் வழியே மட்டும் திரும்பி உள்ளே பாய்கின்றன. அந்தப் புரதம் உண்மையாகவே சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி மூலக்கூறுகள் உருவாகின்றன. இந்த 'அணை'க் கருத்தை 1961-இல் முன்வைத்த பீட்டர் மிட்செல், அதற்காக 1978-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். உட்சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு சுமார் 0.15 வோல்ட். கடிகார மின்கலத்தின் 1.5 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தாளின் தடிமனை எட்ட இத்தகைய சவ்வுகளை ஏறக்குறைய 20,000 அடுக்க வேண்டும். 0.15 வோல்ட்டை 5 நானோமீட்டரால் வகுத்தால், ஒரு மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்று வருகிறது. காற்றில் மின்பொறி பறக்கத் தேவையானது மீட்டருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ட். அதைப்போல் பத்து மடங்கு வலிமையான மின்புலத்தை நம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு ஓசையில்லாமல் தாங்கி நிற்கிறது.

இதிலிருந்து ஒன்று புரிய வேண்டும். உட்சவ்வு தேவையற்ற எதையும் உள்ளே விடாமல் இறுக்கமாக இருக்கும் வரைதான் இந்த மின்நிலையம் இயங்கும். அணையில் ஓட்டை விழுந்தால்?

பொட்டாசியத்தை ஏற்றிச்செல்லும் படகு

நம் உயிரணுவுக்குள் பொட்டாசியம் அயனிகள் மிக அதிகம். அவை நேர் மின்னூட்டம் கொண்டவை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறமோ எதிர் மின்னூட்டம் கொண்டது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் என்பதால், வாய்ப்புக் கிடைத்தால் பொட்டாசியம் உள்ளே பாய்ந்துவிடும். ஆனால் சவ்வின் நடுப்பகுதி கொழுப்பாலானது. எண்ணெயில் உப்பு கரையாததுபோல, மின்னூட்டமுள்ள அயனியால் அந்தக் கொழுப்பைத் தானாகக் கடக்க முடியாது.

இங்கேதான் செரியூலைடு வருகிறது. அந்த வளையத்தின் உட்பக்கத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. அந்தக் குழியில் ஒரே ஒரு பொட்டாசியம் அயனி கச்சிதமாக உட்காரும். வளையத்தின் வெளிப்பக்கமோ எண்ணெய்த்தன்மை கொண்டது. கொழுப்புச் சவ்வில் சுலபமாகக் கரையும். ஆகவே அயனியை ஏற்றிக்கொண்டு சவ்வைக் கடந்து, மறுபக்கம் இறக்கிவிட்டு, வெறுமையாகத் திரும்பி வரும். ஆற்றின் குறுக்கே ஆள்களை ஏற்றிச்செல்லும் சம்பான் படகைப்போல, ஒரே மூலக்கூறு மீண்டும் மீண்டும் இந்த வேலையைச் செய்யும். மிகக் குறைந்த அளவு நஞ்சே போதுமானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

விளைவுகள் இரண்டு.

முதலாவது, செயல்பாடு குலைகிறது. நேர் மின்னூட்டங்கள் உள்ளே குவிவதால் 0.15 வோல்ட் சரிகிறது. புரோட்டான்களைத் தள்ளும் விசை குறைகிறது, சுழலி மந்தமாகிறது, ஏடிபி உற்பத்தி வீழ்கிறது.

இரண்டாவது, வடிவம் குலைகிறது. சவ்வூடு பரவலை நீங்கள் படித்திருப்பீர்கள். உப்பு அதிகமாக உள்ள பக்கம் நோக்கி நீர் நகரும். உள்ளே பொட்டாசியம் சேரச் சேர நீரும் பின்தொடர்கிறது. மைட்டோகாண்ட்ரியன் பலூனைப்போல் வீங்குகிறது. ஏடிபி உருவாக்கும் புரதங்கள் அடுக்கப்பட்டிருந்த உட்சவ்வின் மடிப்புகள் விரிந்து தட்டையாகின்றன. வீக்கம் மிகுந்தால் வெளிச்சவ்வு கிழியும். அப்போது உள்ளேயிருந்து கசியும் சில புரதங்கள், உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி உத்தரவிடும் சமிக்ஞைகளாக மாறுகின்றன.

வெற்றிடம் என்று நினைத்தது வேறொன்று

இதைக் கண்டுபிடித்த கதையும் படிக்கத் தக்கது. 1980-களில் ஆய்வாளர்கள், வாந்தி நோயைத் தரும் பேசில்லஸ் சீரியஸ் வளர்ந்த திரவத்தை, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மனித உயிரணுக்கள் மீது விட்டுப் பார்த்தனர். சாதாரண நுண்ணோக்கியில் உயிரணுக்களுக்குள் வெற்றுக் குமிழிகள் தோன்றின. நஞ்சு இருக்கிறதா என்று அறியும் சோதனையாகவே இந்தக் குமிழிகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவை என்ன என்பது தெரியவில்லை.

1994-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவை வெற்றுக் குமிழிகளே அல்ல என்று தெரிந்தது. அவை ஊதிப் பெருத்த மைட்டோகாண்ட்ரியா! ஆக, நஞ்சின் இலக்கு எது என்பது சில ஆண்டுகளாகவே கண்ணெதிரில் இருந்திருக்கிறது. அதைக் காண இன்னும் கூர்மையான கருவி தேவைப்பட்டது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் இன்னொரு சோதனையை அறிமுகப்படுத்தினார்கள். பன்றியின் விந்தணுவைப் பயன்படுத்தினார்கள். விந்தணுவின் வால் தொடங்கும் பகுதியில் மைட்டோகாண்ட்ரியா சுருள்போல் சுற்றியிருக்கும். செரியூலைடு பட்டவுடன் அவை வீங்கி, நீந்திக்கொண்டிருந்த விந்தணுக்கள் நின்றுவிடுகின்றன. நுண்ணோக்கியில் சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும்.

அப்படியானால் வாந்தி ஏன் வருகிறது? இதில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பங்கில்லை. வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பைச் செரியூலைடு தூண்டுகிறது; மூளை வாந்திக்கு உத்தரவிடுகிறது. இதை ஆராய எலியைப் பயன்படுத்த முடியவில்லை, ஏனென்றால் எலியால் வாந்தி எடுக்க இயலாது! அதனால் ஜப்பானிய ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தது நம் வீட்டு மூலைகளில் ஓடும் மூஞ்சூறை. அதற்கு வாந்தி வரும். ஒருவகையில் இந்த வாந்தி உடலின் தற்காப்பு. நஞ்சின் பெரும்பகுதி இரத்தத்தில் சேருமுன் வெளியேறிவிடுகிறது. பெரும்பாலோர் ஒரே நாளில் குணமடைய இதுவும் உதவுகிறது.

கல்லீரல் ஏன் அதிகம் பாதிக்கப்படுகிறது?

குடலில் உறிஞ்சப்படும் பொருள்கள் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்கே மைட்டோகாண்ட்ரியா மிகுதி. நஞ்சின் அளவு அதிகமாக இருந்தால் முதல் அடி அங்கேதான் விழும்.

1997-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு நிகழ்வு இதைக் காட்டியது. நான்கு நாள்களுக்கு முன் செய்த குழம்புடன் ஸ்பகெட்டியை மீண்டும் சூடாக்கிச் சாப்பிட்ட 17 வயது இளைஞரும் அவர் தந்தையும் நோயுற்றனர். தந்தை பிழைத்தார், மகன் கல்லீரல் செயலிழந்து இறந்தார். அவருடைய கல்லீரல் உயிரணுக்களில் நுண்ணிய கொழுப்புத் துளிகள் நிறைந்திருந்தன. கொழுப்பு ஏன் அங்கே தேங்கியது? கொழுப்பு அமிலங்களை எரித்து ஆற்றல் எடுக்கும் வேலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடப்பது. உலை அணைந்தால் விறகு குவியும்தானே?

கதவைப் பூட்டும் இன்னொரு நஞ்சு

மைட்டோகாண்ட்ரியாவை முடக்க அணையை ஓட்டையாக்கத்தான் வேண்டும் என்பதில்லை. நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் வேறொரு வழி தெரியவந்தது.

மத்திய ஜாவாவின் பாஞ்சுமாஸ் வட்டாரத்தில், தேங்காய்ப்பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைப் பூஞ்சையால் நொதிக்கவைத்து 'தெம்பே பொங்க்ரெக்' என்னும் உணவைச் செய்தார்கள். ஏழைகளின் மலிவான உணவு அது. சந்தையில் நாம் வாங்கும் சோயா தெம்பே வேறு. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூஞ்சை சரியாக வளராதபோது பர்கோல்டேரியா கிளாடியோலி என்னும் பாக்டீரியா அதில் புகுந்துவிடும். 1951 முதல் ஏறக்குறைய 25 ஆண்டுகளில் 7,000-க்கும் மேற்பட்டோர் நச்சுப் பாதிப்புக்கு உள்ளாகி, சுமார் 850 பேர் இறந்தனர். 1988-இல் இந்தோனேசிய அரசு இந்த உணவைத் தயாரிக்கத் தடை விதித்தது.

1930-களிலேயே மெர்ட்டன்ஸ், வான் வீன் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தனர். உணவின் பெயராலேயே அது பொங்க்ரெக் அமிலம் எனப்படுகிறது. நிறம், மணம், சுவை எதுவும் இல்லாதது. இதையும் சூடு அழிப்பதில்லை.

இது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உருவாகும் ஏடிபி, உயிரணுவின் மற்றப் பகுதிகளுக்குப் போனால்தான் பயன். அதற்காக உட்சவ்வில் ஒரு சுழற்கதவு உண்டு. ஓர் ஏடிபி வெளியே போகும்போது, பயன்படுத்தி முடிந்த ஓர் ஏடிபி, அதாவது ஏடிபியின் ஒரு பாஸ்பேட் குறைந்த வடிவம், மறுநிரப்பலுக்காக உள்ளே வரும். பொங்க்ரெக் அமிலம் இந்தக் கதவுக்குள் நுழைந்து, அதை ஒரே நிலையில் சிக்கவைத்துவிடுகிறது. உள்ளே ஏடிபி இருக்கிறது. வெளியே உயிரணு பட்டினி கிடக்கிறது. மறுநிரப்பலுக்கு மூலப்பொருள் வராததால் சற்று நேரத்தில் உற்பத்தியும் நின்றுவிடுகிறது. அணை நிறைந்திருக்கிறது, சுழலி நலமாக இருக்கிறது, மின்கம்பி மட்டும் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

வேறு வழியின்றி உயிரணு, மைட்டோகாண்ட்ரியாவின் உதவியில்லாமல் குளுக்கோசை அரைகுறையாக உடைத்து ஆற்றல் எடுக்கிறது. ஒரு குளுக்கோசிலிருந்து கிடைப்பது இரண்டே ஏடிபி. உடலின் குளுக்கோஸ் கையிருப்பு வேகமாகக் கரைகிறது. இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. கல்லீரலும் மூளையும் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. இதற்கென்று தனி மாற்று மருந்து இல்லை.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2015-இல் மொசாம்பிக்கில் சோள மாவால் காய்ச்சிய மதுவைக் குடித்த 75 பேர் இறந்தனர். காரணம் இதே நஞ்சு. 2020-இல் சீனாவின் வடகிழக்கில், ஓராண்டாக உறைபெட்டியில் வைத்திருந்த புளித்த சோள நூடுல்ஸை வேகவைத்துச் சாப்பிட்ட ஒரே குடும்பத்தார் ஒன்பது பேர் உயிரிழந்தனர். சுவை பிடிக்கவில்லை என்று சாப்பிடாமல் இருந்த மூவர் தப்பினர். 2024 மார்ச்சில் தைப்பே நகரில், மலேசிய உணவு விற்கும் ஓர் உணவகத்தில் குவே தியாவ் சாப்பிட்ட பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். தைவானில் பொங்க்ரெக் அமிலம் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை.

உயிரைப் பறித்த இதே நஞ்சு அறிவியலுக்கும் உதவியிருக்கிறது. அந்தச் சுழற்கதவு மிக வேகமாக அசைவதால் அதன் வடிவத்தைப் படமெடுப்பது கடினம். பொங்க்ரெக் அமிலம் கதவை உறையவைப்பதைப் பயன்படுத்தி, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2019-இல் அதன் அணு அமைப்பைத் துல்லியமாகக் கண்டறிந்தனர். அதன்பின்தான் அது எப்படித் திறந்து மூடுகிறது என்பது தெளிவானது.

தாக்குவது யார், தாக்கப்படுவது யார்?

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபணுத் தொகுதி உண்டு. அது பாக்டீரியாவினுடையதைப்போல் வட்டமாக இருக்கும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பெரிய உயிரணு ஒன்றுக்குள் குடியேறி அங்கேயே தங்கிவிட்ட பாக்டீரியாதான் இன்றைய மைட்டோகாண்ட்ரியா என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்து. 1967-இல் லின் மார்குலிஸ் இதை வலியுறுத்தி எழுதியபோது பலர் ஏற்கத் தயங்கினர். ஆக, நாம் பார்த்த இரண்டு நஞ்சுகளும் பாக்டீரியாவிடமிருந்து வந்து, பழைய பாக்டீரியாவின் வாரிசையே தாக்குகின்றன.

அப்படியானால் பழைய சோறு?

வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது தவறாமல் எழும் கேள்வி இது. "சார், எங்க பாட்டி தினமும் பழைய சோறு சாப்பிடுறாங்களே?"

நீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்படுத்துகின்றன. அமிலம் கூடக் கூட, பேசில்லஸ் சீரியஸ் வளர்வது கடினமாகிறது. மூடிய பானையில் நீரில்லாமல் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஆனால் புளிப்பு, முன்பே உருவான செரியூலைடை அழிக்காது. பகல் முழுவதும் வெளியே கிடந்த சோற்றுக்கு இரவில் நீர் ஊற்றினால் அது பாதுகாப்பாகிவிடாது. பாட்டியின் பழக்கத்தைக் கவனியுங்கள்: அன்றைய சோறு, தூய நீர், சுத்தமான சட்டி, மறுநாள் காலையே உண்டு முடிப்பது. இவை எல்லாம் காரணத்தோடுதான்.

நாம் செய்யக்கூடியது

"பார்த்து, முகர்ந்து, சுவைத்து உண்ணுங்கள்" என்பது நம் சுகாதார அமைச்சின் பழக்கமான அறிவுரை. கெட்டுப்போன உணவைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் செரியூலைடைக் கண்ணோ மூக்கோ நாக்கோ காட்டிக்கொடுக்காது. சூடாக்கியும் அழிக்க முடியாது. ஆகவே நம்மிடம் இருக்கும் ஒரே நல்ல வழி, நஞ்சு உருவாகவே இடம் தராமல் இருப்பது. அதற்குத் தேவையானவை நேரமும் வெப்பநிலையும்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் கூறும் எண்கள் எளியவை. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சூடாக வைப்பதானால் 60 பாகைக்கு மேல். குளிரவைப்பதானால் 5 பாகைக்குக் கீழ். இடைப்பட்ட பகுதிதான் ஆபத்து வட்டாரம்.

சோற்றுச் சட்டியை அடுப்பில் மூடியபடி ஆறவிடாதீர்கள். நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். தட்டையான பாத்திரங்களில் மெல்லிய அடுக்காகப் பிரித்து, சூடு தணிந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் உட்புற வெப்பநிலையையும் பாருங்கள். 2003-இல் பெல்ஜியத்தில் பாஸ்தா சாலட் சாப்பிட்டு ஏழு வயதுச் சிறுமி இறந்த நிகழ்வில், அந்தக் குடும்பத்தின் குளிர்சாதனப் பெட்டி 14 பாகையில் இருந்தது தெரியவந்தது. பெட்டி ஓடினால் மட்டும் போதாது. போதுமான அளவு குளிர வேண்டும்.

காலையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கோ மீகூனோ புறப்பாட நடவடிக்கை முடியும்வரை பையில் கிடந்தால், மாலையில் அதைச் சாப்பிடாதீர்கள். பள்ளி முகாமுக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கும் சமைப்பவர்கள், உணவை முன்னிரவே சமைத்து அண்டாவில் மூடி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. யாருக்காவது சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தி ஏற்பட்டு, சோர்வும் மயக்கமும் தொடர்ந்தால், தூங்கினால் சரியாகிவிடும் என்று விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன சாப்பிட்டார், எப்போது சமைத்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் உணவை வீணாக்கக்கூடாது என்பது நல்ல பண்பு. இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்து வைக்கப்பட்ட சோறு வீணாவதில்லை. மறுநாள் அருமையான நாசி கோரேங் ஆகும். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் மிச்சச் சோற்றை எடுத்து வைக்கும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: சூடான சோறு, உணவு வெப்பமானி, ஓர் ஆழமான கிண்ணம், ஒரு தட்டையான தட்டு.

ஒரே அளவு சோற்றை எடுங்கள். ஒரு பங்கைக் கிண்ணத்தில் அழுத்தி மூடுங்கள். மறு பங்கைத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் நடுப்பகுதி வெப்பநிலையையும் குறித்து, நேரத்துக்கு எதிராக வரைபடம் வரையுங்கள். 60 பாகையிலிருந்து 35 பாகைக்கு இறங்க ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கிறது? பெரியவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். சோதனைக்குப் பயன்படுத்திய சோற்றை உண்ண வேண்டாம்.

சிந்தியுங்கள்

1. செரியூலைடு, பொங்க்ரெக் அமிலம் இரண்டில் எது மைட்டோகாண்ட்ரியாவை வீங்கச் செய்யும்? ஏன்?

2. முதிர்ந்த சிவப்பு இரத்த அணுக்களில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. இந்த இரண்டு நஞ்சுகளும் அவற்றின் ஏடிபி உற்பத்தியைப் பாதிக்குமா? காரணம் கூறுக.

3. "உறைபெட்டியில் வைத்தால் எந்த உணவும் பாதுகாப்பானது." இக்கூற்றை இக்கட்டுரையில் உள்ள ஒரு நிகழ்வைக் கொண்டு மறுத்து எழுதுக.